தணிகையில் ஒரு வினைச்சொல்

ஆடிக் கிருத்திகையன்று திருத்தணி மலையடிவாரத்தில், சரவணப் பொய்கையின் பக்கமாக நின்றுகொண்டு, போகிறவர் வருகிறவர் முகங்களைப் பாராமல் அவர்கள் பேச்சை மட்டும் கேட்டுக்கொண்டிருப்பவனுக்கு, ‘எடு’ என்னும் ஒரே வினைச்சொல் அன்றைய தினம் எத்தனை வேலைகளைச் செய்கிறது என்பது ஆச்சரியத்தைத் தரும். பூக்காவடி எடுக்க வந்திருப்பதாக ஒரு குடும்பம் சொல்கிறது. குழந்தைக்கு முதல் முடி எடுக்கப் போவதாக மற்றொரு குடும்பம் சொல்கிறது. பால்குடம் எடுப்பவள் காலை முதல் பட்டினி இருக்கிறாள். அவளுடன் வந்த சிறுவனுக்கோ பாதிப் படியிலேயே பசி எடுத்துவிடுகிறது. கிழவருக்குக் கால் வலி எடுக்கிறது. பிரார்த்தனை நிறைவேறித் திரும்புகிறவர்களுக்கு ஆரத்தி எடுக்கிறார்கள், அந்தக் கோலத்தில் அவர்களைப் படம் எடுக்கிறார்கள். இத்தனைக்கும் காரணமான பிரானே ஓர் அவதாரம் எடுத்தவர் என்றுதான் நம் ஜனங்கள் சொல்கிறார்கள். இவற்றுள் ஒரு பிரயோகமாவது அவர்களில் எவரையும் ஒரு கணமேனும் தயங்கச் செய்வதில்லை. பாஷையை ஆராய்கிறவனுக்குத்தான் தயக்கம்.

சிறு வினைச்சொல்லே அகராதிக்காரனுக்குப் பெருந்தொல்லை என்பது எல்லாத் தேசத்து அனுபவமும் ஆகும். ஆங்கிலத்தில் ஆக்ஸ்போர்டு பேரகராதியின் 1989-ஆம் வருஷத்துப் பதிப்பில், வைத்தல், அமைத்தல் முதலாய கருத்துக்களையுடைய ‘செட்’ என்ற வினைக்கு 430 பொருள்கள் எழுத வேண்டியிருந்தது. பின்னர் ‘ரன்’ என்ற வினையைத் திருத்தி எழுதப் புகுந்த பீட்டர் கில்லிவர் என்ற பதிப்பாசிரியர் ஒன்பது மாதம் அதனுடனேயே போராடி, 645 பொருள்களோடு வெளியே வந்தார். கடினமான சொற்களுக்கு ஒரு வரி போதும். நேற்றுப் பிறந்த சாஸ்திரப் பதங்களுக்கும் ஒரு வரி போதும். பால்மணம் மாறாத குழந்தை முதல் வருஷத்தில் பேசக் கற்கும் வினைகளுக்குத்தான் பக்கங்கள் போதா. நம் நாட்டிலும் 1862-ல் வெளிவந்த வின்ஸ்லோவின் அகராதியிலும், 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாகச் சென்னைப் பல்கலைக்கழகம் வெளியிட்ட தமிழ் லெக்ஸிகனிலும், வையாபுரிப் பிள்ளையவர்கள் போன்ற மகா உழைப்பாளிகள் இத்தகைய வினைகளுக்கு எண்ணிட்டுப் பொருள் பிரித்துவைத்திருக்கிறார்கள். அந்த எண்கள் வேண்டியவையே. அந்நியனுக்கும் ஆராய்ச்சியாளனுக்கும் அவை இன்றியமையாதவை. ஆயினும் தாய்மொழியாகப் பேசுகிறவனுடைய மனத்தில் எண்கள் இல்லை என்பதையும், அங்கே ஒரு சொல் ஒரு சொல்லாகவே இருக்கிறது என்பதையும் நாம் மறந்துவிடலாகாது.

பல பொருள் குறித்த ஒரு சொல்லைப் பற்றித் தொல்காப்பியர் சிந்தித்திருக்கிறார். மரத்துக்கும் விலங்குக்கும் வண்டுக்கும் பெயராக நிற்கும் ‘மா’ என்பது போன்ற சொற்களை உரையாசிரியர்கள் உதாரணம் காட்டுவார்கள். பூத்தது என்றால் மரம், ஓடிற்று என்றால் விலங்கு; பெயரின் ஐயத்தை வினை தீர்த்துவைக்கிறது. வினையால் தீராதபோது இனமும் சார்பும் தீர்த்துவைக்கும் என்பது அவர் கண்ட முறை. ‘எடு’ என்ற சொல்லின் விஷயத்தில் இது தலைகீழாக நடப்பதை நான் கவனித்திருக்கிறேன். இங்கே ஐயம் வினையில். அதைத் தீர்த்துவைப்பது அதனோடு சேரும் பெயர். களை எடுப்பவள் ஒன்றைப் பிடுங்கி எறிகிறாள், பெயர் எடுப்பவள் ஒன்றைச் சம்பாதிக்கிறாள், பிள்ளையைத் தத்து எடுப்பவள் ஆயுள் முழுவதும் ஒன்றைத் தாங்க ஒப்புக்கொள்கிறாள். பெயரும் கைவிடுகிற இடம் ஒன்று உண்டு: படம் எடுத்தது பாம்பா, புகைப்படக்காரனா என்பதை எழுவாய் வந்துதான் சொல்ல வேண்டும்.

பெயரும் இன்றி, எழுவாயும் இன்றி, இடம் ஒன்றினாலேயே பொருள் விளங்குகிற சந்தர்ப்பமும் இருக்கிறது. எங்கள் ஊர்ப் பேருந்து நிலையத்தில் அரக்கோணம் வண்டியோ சித்தூர் வண்டியோ புறப்படாமல் நிற்கும்போது, உள்ளே உட்கார்ந்திருக்கும் பெண்பிள்ளை ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, “எப்பண்ணே எடுப்பீங்க?” என்று கேட்பாள். டீ குடித்துக்கொண்டிருக்கிற நடத்துநர், “இதோ எடுத்துடுவோம்மா” என்பார். அதே தெருவில் நாலு வீடு தள்ளி ஒரு சாவு விழுந்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். வெளியூரிலிருந்து வந்த சம்பந்தி, பந்தலின் கீழே நிற்கும் பங்காளியின் காதருகில் போய், “எத்தனை மணிக்கு எடுக்கிறீங்க மாமா?” என்று கேட்கிறார். “மூணு மணிக்குள்ள எடுத்துடணும். பெரிய பொண்ணு வரணும், அதுக்குத்தான் பார்க்கிறோம்” என்று பதில் வருகிறது. எதை எடுப்பது என்று கேட்டவரும் சொல்லவில்லை, பதில் சொன்னவரும் சொல்லவில்லை. சொல்லக்கூடாது என்பதே அங்கே மரியாதை. காலையில் பெயரிட்டு அழைத்த மனிதரை மாலையில் பிணம் என்று சொல்ல நா எழாத உறவினருக்கு, செயப்படுபொருளை விழுங்கிவிட்டு வினையை மாத்திரம் உச்சரிக்கும் வசதியை நம் பாஷை அளித்திருக்கிறது. இரண்டு வாக்கியங்களும் ஏறக்குறைய ஒன்றே. குரலைத் தாழ்த்துவது ஒன்றுதான் வித்தியாசம்.

இத்தனை பிரயோகங்களுக்கும் அடியில் ஒரே தாத்பரியம் உண்டா என்று கேட்டால், உண்டு என்பதே என் அபிப்பிராயம். கீழே இருப்பது மேலே வருதல், அல்லது மேலே கொண்டுவரப்படுதல். உயிரெழுத்தின் ஓசை உயர்ந்து ஒலிப்பதை நன்னூலார் எடுத்தல் என்றும், தாழ்ந்து ஒலிப்பதைப் படுத்தல் என்றும் பெயரிட்டார். அந்தப் பெயரிலேயே வினையின் ஆதிப் பொருள் பத்திரமாக இருக்கிறது. மழை கெடுத்தவர்களை மீண்டும் நிமிர்த்துவதும் மழையே என்று சொல்ல வந்த வள்ளுவரும் இந்த வினையையே கையாண்டார். கல்லின் மேல் கல்லை ஏற்றிக் கோயில் எழுப்பியதை நம் அரசர்கள் ‘எடுப்பித்தல்’ என்றார்கள். தஞ்சைப் பெரிய கோயிலின் சாசனத்தில் ராஜராஜன் தான் ‘எடுப்பிச்ச’ கற்றளி என்று சொல்வதைப் படிக்கும்போது, அத்தனை கல்லையும் மேலே ஏற்றிய மனிதர்களின் தோள்கள் அந்த ஒரு வினையில் தெரிவதாக எனக்குத் தோன்றும். எங்கள் ஊரில் அபராஜித பல்லவனுடைய காலத்தில் நம்பி அப்பி என்பவர் செய்த வீரட்டானேசுவரர் கற்றளி இருக்கிறது. மலைக்கு வருகிற கூட்டத்தில் பெரும்பாலோர் அதைப் பார்க்காமலே போய்விடுகிறார்கள் என்பது எனக்கு நெடுநாள் வருத்தம்.

பசி எடுப்பதும் தாகம் எடுப்பதும் இந்த ஏற்றத்தின் வேறு வகைகள். ‘எனக்குப் பசி எடுக்கிறது’ என்னும் வாக்கியத்தில் நான் எதையும் எடுக்கவில்லை. நான் நான்காம் வேற்றுமையில் ஒதுங்கி நிற்க, பசி தானே எழுந்து நிற்கிறது. நதி பெருக்கெடுக்கிறது, பாறையில் நீர் ஊற்றெடுக்கிறது, பாம்பு படம் எடுக்கிறது, வந்த பகைவன் ஓட்டமெடுக்கிறான். கையே தேவைப்படாத எடுத்தல்கள் இவை. பிறவி எடுத்தலும் அவதாரம் எடுத்தலும் இந்த வரிசையைச் சேர்ந்தவையே என்று கொள்ளலாம். ஆயினும் அவதாரம் என்ற வடசொல்லுக்கு இறங்குதல் என்பது பொருளாயிருக்க, அந்த இறக்கத்தை நம்மவர்கள் ஏற்றத்தைக் குறிக்கும் வினையோடு கூட்டிச் சொல்வது நினைக்க நினைக்க இனிப்பது.

முடி எடுத்தல் மட்டும் இந்தக் கணக்கில் எளிதாக அடங்குவதில்லை. இங்கே எடுத்தல் என்பது நீக்குதல். இருந்த இடத்தைவிட்டு ஒரு பொருள் கிளம்பினால் அந்த இடம் வெறுமையாகிவிடுகிறது. மேலே தூக்குதல் என்ற கருத்தின் மறுபக்கமாகவே நீக்குதல் என்ற கருத்தும் வந்திருக்க வேண்டும் என்று நான் ஊகிக்கிறேன். தவிரவும், மலைமேல் கத்தியின் கீழ்த் தலை குனிந்திருக்கிறவரைக் கேட்டுப் பாருங்கள். தம் முடியை யாரோ எடுத்துவிட்டதாக அவர் சொல்லமாட்டார்; சாமிக்கு முடி கொடுத்ததாகவே சொல்வார். ஒரே காரியம் நாவிதர் பக்கத்தில் எடுத்தலாகவும், பக்தர் பக்கத்தில் கொடுத்தலாகவும் இருக்கிறது.

‘எடு’ என்பதற்கு நேரான ஆங்கிலச் சொல் எது என்று கேட்டால் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் ‘டேக்’ என்று ஒரே குரலில் சொல்வார்கள். அந்தச் சொல் இங்கிலாந்தின் பழஞ்சொல் அன்று. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் வடகடலைத் தாண்டி வந்து அந்தத் தீவில் குடியேறிய ஸ்காண்டினேவியர்களுடைய ‘தாக்கா’ என்ற வினை அது. தொடுதல், பற்றுதல் என்பது அதன் பழம்பொருள். அதுவரை ஆங்கிலேயர் சொல்லிவந்த ‘நிமன்’ என்ற சொந்தச் சொல், ஜெர்மானியர் இன்றும் ‘நேமென்’ என்று சொல்லும் சொல்லின் உடன்பிறப்பு, வந்தேறிய சொல்லுக்கு இடம் கொடுத்துவிட்டு வழக்கொழிந்தது. ஆகவே ‘டேக்’ என்பதன் உள்ளே ஒரு கை நீண்டு, பற்றி, தன் பக்கம் இழுக்கிறது. நம் ‘எடு’ கீழிருந்து மேலே செல்கிறது. அது ‘டேக்’ போலத் தன்னிடம் சேர்த்துக்கொள்ளும் கருத்தைச் சொல்ல வேண்டுமானால் ‘கொள்’ என்ற துணைவினையைக் கூட்டி ‘எடுத்துக்கொள்’ என்றாக வேண்டியிருக்கிறது. பிறருக்காக என்றால் ‘எடுத்துக்கொடு’. புலவனுக்குத் தெய்வம் அடியெடுத்துக் கொடுத்தது என்று சொல்கிறோமே, அங்கே எடுத்தவர்க்குச் சொந்தமாவது ஒன்றும் இல்லை. இந்த மலைக்கு இளைஞராக வந்த முத்துஸ்வாமி தீக்ஷிதரின் வாயில் ஒரு பெரியவர் கற்கண்டை இட்டார் என்றும், அதன் பிறகே அவர் முதல் கிருதியைப் பாடினார் என்றும் வழங்கும் கதையும் இவ்வகையைச் சேர்ந்தது. காவடி எடுத்தவன் காவடியை உடைமையாக்கிக்கொண்டவன் அல்லன். பாரத்தைத் தோளில் ஏற்றிக்கொண்டவன். அதை ஆங்கிலத்தில் சொல்ல ‘டேக்’ உதவாது, சுமத்தலைக் குறிக்கும் வேறு வினையைத் தேட வேண்டும்.

இந்த இடத்தில் அண்டை வீட்டுப் பாஷையையும் கொஞ்சம் கவனிக்க வேண்டும். எங்கள் ஊரில் அது அண்டை வீட்டுப் பாஷைகூட அன்று, பல வீடுகளில் அடுக்களைப் பாஷை. 1888-ல் இங்கே பிறந்த ஸர்வபள்ளி ராதாகிருஷ்ணன் வீட்டிலே தெலுங்கு பேசி, நூல்களை ஆங்கிலத்தில் எழுதியவர். சித்தூர் ஜில்லாவைச் சேர்ந்திருந்த திருத்தணி, 1953-ல் ஆந்திர ராஜ்யம் பிரிந்தபோது அதனோடு போயிற்று. ம.பொ. சிவஞானமும் மங்கலங்கிழாரும் முன்னின்ற வடக்கெல்லைக் கிளர்ச்சிக்கும், படாஸ்கர் செய்த மத்தியஸ்தத்துக்கும் பின்னர், 1960 ஏப்ரல் 1-ஆம் தேதி சென்னை ராஜ்யத்துக்குத் திரும்பி வந்தது. மண்ணுக்குக் கோடு போட முடிந்தது. வினைச்சொற்களுக்குக் கோடு போடுவது அவ்வளவு சுலபமன்று. நகரியிலிருந்து வருகிற தெலுங்குக் குடும்பமும் அவதாரம் ‘எத்து’ என்றே சொல்கிறது. தூக்குதலைக் குறிக்கும் அந்த வினையாலேயே ஜன்மமும் எடுக்கிறது. மொட்டையை நாம் ‘அடிக்கிறோம்’, அவர்கள் குண்டு ‘கொட்டிஞ்சு’கொள்கிறார்கள், இரண்டும் அடித்தலே. ஆனால் புகைப்படத்தை அவர்கள் வெளியே இழுத்தலைக் குறிக்கும் ‘தீயு’ என்ற வினையால் சொல்கிறார்கள். ஹாரதியை அவர்கள் கொடுக்கிறார்கள், நாம் எடுக்கிறோம். நமக்குப் பசி எழுகிறது. அவர்களுக்கோ ‘ஆகலி வேஸ்துந்தி’, அதாவது பசி போடுகிறது. ஒரே படியில் உட்கார்ந்து ஒரே புளியோதரையைச் சாப்பிடுகிற இரண்டு குடும்பங்களில் ஒன்றுக்குப் பசி கீழிருந்து எழுந்ததும் மற்றொன்றுக்கு மேலிருந்து விழுந்ததும் எனக்கு வெகு நாள் யோசிக்கும் விஷயமாக இருந்திருக்கிறது.

அண்டை வீட்டாரோடு பழகியதால் நம் ‘எடு’ கெட்டுவிடவில்லை. கவலைப்பட வேண்டியிருந்தால், அது கடல் கடந்து வந்த ‘டேக்’ நம் ‘எடு’வின் வேஷத்தைப் போட்டுக்கொண்டு பத்திரிகைகளிலும் மேடைகளிலும் நடமாடத் தொடங்கியிருப்பதைப் பற்றித்தான். நடவடிக்கை எடுத்தல், முடிவு எடுத்தல், ஓய்வு எடுத்தல், விடுப்பு எடுத்தல், வகுப்பு எடுத்தல், மருந்து எடுத்துக்கொள்ளல், நேரம் எடுத்தல் என்று இந்தப் படை பெரிது. இவற்றை எல்லாம் ஒரே வீச்சில் தள்ளிவிட வேண்டும் என்கிற தூய்மைவாதிகளின் கட்சியை நான் சேர்ந்தவன் அல்லன். வந்ததை எல்லாம் வாழ்த்துகிற கட்சியையும் சேர்ந்தவன் அல்லன்.

அந்நிய வழக்கம் ஒன்று இந்த மலையில் என்னவாயிற்று என்பதைச் சொன்னால் என் கருத்து விளங்கும். வெள்ளைக்காரர் ஆட்சியில் ஜனவரி முதல் தேதியன்று துரைமார்களின் பங்களாக்களுக்குப் பழத்தட்டும் மாலையுமாகப் போய் வணங்கி நிற்பது உத்தியோகஸ்தர்களின் வழக்கம். அதைக் கண்டு மனம் நொந்த வள்ளிமலை சச்சிதானந்த சுவாமிகள், அன்றைக்கு முதல் வணக்கம் துரைகளுக்கெல்லாம் துரையான தணிகைப் பெருமானுக்கே உரியது என்று சொல்லி, டிசம்பர் 31-ஆம் தேதி இரவில் அடியார் கூட்டத்தோடு 365 படிகளிலும் திருப்புகழ் பாடிப் பூஜை செய்துகொண்டே ஏறும் திருப்படித் திருவிழாவைத் தொடங்கிவைத்தார். வருஷத்தின் நாள்கள் எத்தனையோ அத்தனை படிகள் இந்த மலைக்கு முன்பே இருந்தன. ஆங்கில வருஷப் பிறப்பு எங்கிருந்தோ வந்தது. சுவாமிகள் அந்தத் தேதியை விரட்டவில்லை. அதை மலைமேல் ஏற்றினார். பிறர் பொருளை நம் கருத்துக்கு இசைய வழங்குவதை ‘எடுத்தாளுதல்’ என்கிறோம். எடுப்பதோடு நில்லாமல் ஆளவும் வேண்டும் என்ற நிபந்தனை அந்தச் சொல்லிலேயே இருக்கிறது.

இந்த அளவுகோலை வைத்துப் பார்க்கும்போது, நடவடிக்கை எடுத்தலை நான் ஏற்றுக்கொள்கிறேன். படையெடுத்தல், பேச்செடுத்தல், எடுத்த காரியம் என்று தொடக்கத்தையும் முயற்சியையும் குறிக்கும் கிளை நம் வினைக்கு முன்பே இருந்தது. வந்த சொல் அந்தக் கிளையில் உட்கார்ந்துகொண்டது. முடிவெடுத்தலும் அவ்வாறே வேரூன்றிவிட்டது. வகுப்பு எடுத்தல் இன்னும் விசேஷமானது: அமெரிக்காவில் வகுப்பை ‘டேக்’ செய்கிறவன் மாணவன், நம் ஊரில் வகுப்பை எடுக்கிறவர் வாத்தியார். கடன் வாங்கிய சொல்லைக் கைமாற்றி ஆசிரியரிடம் கொடுத்துவிட்டோம். பரீட்சையை நாம் இன்றும் எழுதத்தான் செய்கிறோம், அந்த மட்டில் ‘டேக்’ உள்ளே வரவில்லை. ஈழத்துத் தமிழர்கள் இன்னொரு வழியில் சென்றிருக்கிறார்கள். தொலைபேசியில் ஒருவரை அழைப்பதை அவர்கள் போன் எடுத்தல் என்கிறார்கள். நமக்கோ மணி அடித்த பிறகு கையில் தூக்கிப் பேசுவதுதான் போன் எடுத்தல். ‘நேற்று உனக்குப் போன் எடுத்தேன்’ என்று யாழ்ப்பாணத்து நண்பர் சொன்னால், நான் அழைக்கவே இல்லையே என்று தமிழ்நாட்டார் திகைக்க வேண்டியதில்லை. ஒரே வினை ஒரே கருவியின் இரு முனைகளிலும் நின்று உழைக்கிறது.

ஓய்வு எடுத்தலில் எனக்குச் சிறிது மனத்தாங்கல் உண்டு. இளைப்பாறுதல் என்ற அழகிய சொல் அதனால் மெல்ல மெல்லப் பாட்டிமார் வாயோடு போய்க்கொண்டிருக்கிறது. மருந்தைச் சாப்பிடலாம், குடிக்கலாம், பூசலாம். எல்லாவற்றையும் ‘எடுத்துக்கொள்ளுங்கள்’ என்று சொல்லிவிட்டால், எந்த மருந்தை என்ன செய்வது என்ற விவரம் போய்விடுகிறது. எங்கள் ஊர்க் கிழவிகளிடம் அப்படிச் சொன்னால் சீட்டை நீட்டி, “இது முழுங்கறதா, தடவறதாப்பா?” என்று மறுபடியும் கேட்கிறார்கள். அந்தக் கேள்வி நியாயமானது.

நேரம் எடுத்தலையோ நான் ஒப்புக்கொள்ளவே மாட்டேன். நேரம் ஆகும், செல்லும், பிடிக்கும் என்று மூன்று வினைகள் நமக்கு இருக்க, ‘மலை ஏற அரைமணி நேரம் எடுக்கும்’ என்பவருக்கு நேரம் எங்கிருந்து எங்கே எழுகிறது என்று சொல்லத் தெரியாது. பிடித்தல் என்ற வினையில் காலம் நம்மை நிறுத்திவைத்துக்கொள்வது தெரிகிறது. ஏறிக் களைத்தவனுக்கு அது உண்மை. இப்போது சில இளைஞர்கள் ‘அரக்கோணத்திலிருந்து பஸ் எடுத்து வந்தேன்’ என்றும் பேசத் தொடங்கியிருக்கிறார்கள். இதை மாத்திரம் அவர்கள் கைவிட வேண்டும் என்று வேண்டிக்கொள்கிறேன். பஸ்ஸை எடுக்கிறவர் டிரைவர். பிரயாணி அதைப் பிடிக்கிறான், அல்லது ஏறுகிறான், அல்லது தவறவிடுகிறான். ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி எப்போது எடுப்பீர்கள் என்று கேட்கிற பெண்பிள்ளைக்கு அந்த வித்தியாசம் தெரியும்.